பட்டியலில் முதற்பெயர்: தோட்டச் சுகாதாரப் பெண்களும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையும்

(றக்வானையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இப்படிப்பட்ட மேடைகளில் இலக்கியமோ சமயமோ கல்வியோதான் பெரும்பாலும் பொருளாக அமையும். பெண்ணின் கருப்பையைப் பற்றி, அதுவும் ஆண்களும் பெண்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் மண்டபத்தில் பேச இடம் தந்தமைக்கு அமைப்பாளர்களுக்கு முதலில் நன்றி சொல்கிறேன். கிளினிக் மேசையின் அருகில் நின்று வேலை செய்தவள், அதே மேசையில் படுத்துப் பரிசோதித்துக்கொண்டவள் என்ற இரண்டு தகுதியிலும் பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தோட்டத்துப் பெண்களைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்து வருபவர்கள் நம்முடைய மிட்வைப்மார், தாதிமார், பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கும் அம்மாமார். அந்தப் பரிசோதனை அவர்களுக்கே முதலில் கிடைக்க வேண்டும். அவர்கள் வெட்கமும் பயமும் இல்லாமல் போய்வர வழி செய்து கொடுத்தால், தோட்ட வரிசை வீடுகளான லயங்களில் வாழும் பெண்கள் பின்னாலேயே வருவார்கள்.

காலம் தரும் நோய்

கருப்பையின் கீழ்ப்பகுதி ஒடுங்கி யோனிக்குள் திறக்கும் இடத்தைக் கருப்பைக் கழுத்து என்கிறோம். அங்கே வரும் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லா வேளையிலும் ஒரே காரணம்தான்: ஹியூமன் பப்பிலோமா என்ற வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இதை ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் நிறுவினார். புற்றுக் கட்டிகளில் இந்த வைரஸின் 16ஆம் வகையை 1983இலும் 18ஆம் வகையை அடுத்த ஆண்டிலும் அவருடைய குழு கண்டறிந்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகில் இந்தப் புற்றுநோய் வரும் பெண்களில் பத்தில் ஏழு பேருக்கு இந்த இரண்டு வகைகளே காரணம்.

இந்த வைரஸ் தாம்பத்திய உறவின் வழியாகத் தொற்றுகிறது. இதைச் சொன்னதும் சில முகங்கள் தாழும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அடுத்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உறவில் ஈடுபட்ட ஆண், பெண் அனைவரிலும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது தொற்றுகிறது. கணவன் ஒருவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் தொற்றும். பெரும்பாலானோரின் உடம்பு ஓரிரண்டு ஆண்டுகளில் தானாகவே இதை விரட்டிவிடுகிறது. விரட்ட முடியாமல் தங்கிவிட்ட சிலரிடம்தான் கருப்பைக் கழுத்தின் செல்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன. எனவே இந்த நோயை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையை அளப்பவர் நோயையும் அறியவில்லை, அந்தப் பெண்ணையும் அறியவில்லை.

செல்கள் மாறத் தொடங்கிப் புற்றுநோயாக முற்றுவதற்கு, நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ள பெண்ணிடம் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலம் முழுவதும் நோவு இருக்காது, இரத்தப்போக்கு இருக்காது, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதலும் இருக்காது. இவை தெரியும்போது நோய் பெரும்பாலும் முன்னேறியிருக்கும். ஆனால் அந்த அமைதியான ஆண்டுகளில் எப்போது பார்த்தாலும் மாற்றத்தைக் கண்டுபிடிக்கலாம். உறைய வைத்தோ, மெல்லிய மின்கம்பியால் அகற்றியோ அந்த இடத்தைச் சுத்தமாக்கிவிடலாம். கருப்பையை எடுக்கத் தேவையில்லை. பெரும்பாலான பெண்கள் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். இத்தனை அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகச் சில.

அப்படியிருந்தும் 2022இல் உலகில் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் வந்தது. சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள். கண்டுபிடிக்கும் வழி உலகத்துக்குத் தெரிந்து எண்பது ஆண்டுகளாகின்றன. அந்த வழி சில பெண்களை எட்டியது, சிலரை எட்டவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மனைவி

அந்த வழி பிறந்த கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பெப் பரிசோதனை என்று நாம் அழைப்பது ஜோர்ஜ் பபனிகொலாவ் என்ற கிரேக்க மருத்துவரின் பெயரால் வந்தது. 1883இல் கிரேக்கத்தின் கிமி என்ற ஊரில் பிறந்தவர். 1913இல் மனைவி அந்திரோமாக்கியுடன் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. மனைவியும் அதே ஆய்வுக்கூடத்தில், ஊதியமின்றி, அவருக்கு உதவியாளராக இருந்தார்.

பெண்ணின் மாதச் சுழற்சியில் செல்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்க விரும்பிய பபனிகொலாவுக்கு, நாள்தோறும் மாதிரி கொடுக்கும் ஒரு பெண் தேவைப்பட்டாள். அந்திரோமாக்கி முன்வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தம் உடம்பிலிருந்து மாதிரிகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தம் தோழியரையும் மாதிரி கொடுக்கச் சொல்லி அழைத்தார். அவர்களில் ஒருவருக்குப் பின்னர் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. இப்படிச் செல்களைப் பார்த்தே புற்றுநோயைக் கண்டறியலாம் என்று 1928இல் கணவர் முதலில் அறிவித்தபோது மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. 1941இல் ஹெர்பர்ட் டிரவுட்டுடன் சேர்ந்து கட்டுரையாகவும் 1943இல் நூலாகவும் வெளியிட்ட பிறகே ஏற்றுக்கொண்டது.

கோடிக்கணக்கான பெண்களின் உயிரைக் காத்த ஒரு பரிசோதனை, சுகாதாரப் பணியில் இருந்த ஒரு பெண் தன் உடம்பை முதலில் முன்வைத்ததால் வளர்ந்தது. அந்த முன்வருகைக்குப் பிறகே தோழியர் வந்தார்கள். நம் தோட்டங்களுக்கும் அதே வரிசைதான் வேண்டும் என்கிறேன்.

தெரிந்தவர்கள் போவதில்லை

உகண்டா நாட்டின் தலைநகர் கம்பாலாவில் முலாகோ என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே பணியாற்றும் மருத்துவ ஊழியர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் நாட்டின் பெரிய சுகாதாரப் பிரச்சினை என்று நூற்றுக்கு 93 பேர் சொன்னார்கள். பெப் பரிசோதனை பற்றி 83 பேர் அறிந்திருந்தார்கள். ஆனால் பெண் ஊழியர்களில் நூற்றுக்கு 81 பேர் ஒரு தடவைகூடப் பரிசோதித்துக்கொண்டதில்லை. தமக்கு இந்நோய் வரும் என்று நினைக்கவில்லை என்றவர்கள் நூற்றுக்கு 65 பேர்.

இந்தியாவிலும் நைஜீரியாவிலும் எத்தியோப்பியாவிலும் தாதியர் நடுவே நடந்த ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக இதே வடிவத்தையே காட்டியிருக்கின்றன. அறிவு மேலே நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை கீழே கிடக்கிறது. “விழிப்புணர்வு போதாது, இன்னொரு கருத்தரங்கு வைப்போம்” என்று வழக்கமாகச் சொல்லிவருகிறோம். தாதிக்கு இல்லாத விழிப்புணர்வா? தெரிந்தும் போகாதவளுக்கு மறுபடியும் தெரியப்படுத்துவதால் என்ன பயன்? அவளைத் தடுத்து நிறுத்துவது எது என்றுதான் கேட்க வேண்டும்.

நம் நாட்டு ஏற்பாடு

இலங்கையில் ஏற்பாடு இல்லாமல் இல்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, வீடு வீடாகப் போகும் மிட்வைப் நம் பொதுச் சுகாதாரத்தின் முதுகெலும்பாக இருக்கிறார். ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கு மேல் தாய்மார் இறந்த நாடு, இன்று அதை ஐம்பதுக்குக் கீழே கொண்டுவந்திருக்கிறது என்றால், அதில் மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்த அந்தப் பெண்களின் கால்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

1996இல் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கின. வெல் வுமன் கிளினிக் என்றும் சுவநாரி கிளினிக் என்றும் நீங்கள் சொல்வது இதைத்தான். இரத்த அழுத்தம், சீனி, மார்பகப் பரிசோதனை, பெப் பரிசோதனை எல்லாம் அங்கே இலவசம். முதலில் 35 வயதுப் பெண்களை இலக்காக வைத்தார்கள். பின்னர் 45 வயதையும் சேர்த்தார்கள். 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு தடவை போடப்படுகிறது. இந்தத் தடுப்பூசியின் வலிமைக்கு ஸ்கொட்லாந்து சாட்சி. அங்கே 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2017இல் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு அப்போது 11 வயது. அவளுக்கு 35 வயதாவது 2041இல். அதுவரை 35 வயதில் கிளினிக்குக்கு வரப்போகிற பெண்கள் பாடசாலையில் அந்த ஊசியைப் பெறாதவர்கள். இன்று கொழுந்து பறிக்கும் தாய்மாரும், அவர்களுக்குப் பிரசவம் பார்க்கும் மிட்வைப்மாரும், பிள்ளைக்காம்பரா அம்மாமாரும் பெரும்பாலும் அந்தத் தலைமுறைதான். மகளுக்கு ஊசி இருக்கிறது. தாய்க்குப் பரிசோதனை மட்டும்தான் இருக்கிறது.

தோட்டத்தில் ஏன் கடினம்

தோட்ட மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1872லேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் புதிய சட்டம் வந்தது. தோட்ட டிஸ்பென்சரிகள் அந்த வழியில் வளர்ந்தவை. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் பிரசவத்துக்கும் அவை பழகின. நோய் எதுவும் தெரியாத பெண்ணை நோய் தேடி அழைக்கும் வேலைக்கு அவை பழகவில்லை.

மலைக்குப் போகாவிட்டால் அன்று பேர் இல்லை, அதாவது அது வேலை நாளாகக் கணக்கில் விழாது. கிளினிக்குக்குப் போனால் பஸ் காசும் போய் நாட்சம்பளமும் போகும். விளக்கம் சொல்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், படுக்கச் சொன்னது மட்டும் புரியும், எதற்கென்று புரியாது. 35 வயதில் கொழும்பில் வீட்டு வேலைக்கோ மத்திய கிழக்குக்கோ போயிருப்பவளின் பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். திரும்பி வரும்போது அவளுக்கு 39. “என் வயது தாண்டிவிட்டது” என்று அவளாகவே நினைத்துக்கொள்வாள். விதவையும், கணவனைப் பிரிந்தவளும் “எனக்கு எதற்கு?” என்பார்கள். வைரஸ் பல ஆண்டுகளுக்கு முன் தொற்றியிருக்கலாம் என்பதால் அவர்களுக்கும் இது தேவை.

இவையெல்லாம் லயத்துப் பெண்ணுக்குரிய தடைகள். சுகாதாரப் பெண்ணுக்குத் தடைகள் வேறு. அவற்றைத்தான் நாம் பேசாமல் விட்டுவிட்டோம்.

கிளினிக் நாள் என்பது அவளுக்கு வேலை நாள். மற்றப் பெண்களை வரிசைப்படுத்தி, அட்டை எழுதி, கண்ணாடித் தகட்டில் பெயர் குறித்து முடிக்கும்போது டொக்டர் புறப்பட்டுவிடுவார். அவளைப் பரிசோதிக்க வேண்டியவர் யார்? நாளை காலையில் அவளுக்கு மேலதிகாரியாக நிற்கப்போகிறவர், அல்லது பக்கத்து மேசையில் அமர்ந்து ஒன்றாகத் தேநீர் குடிக்கும் தாதி. அவளுடைய ரிப்போர்ட் எந்த ஒபிஸுக்கு வரும்? அவள் வேலை செய்யும் ஒபிஸுக்கே. கடித உறையைப் பிரித்துப் பதிவேட்டில் எழுதுபவர் அவளுடைய சிநேகிதி. முடிவில் ஏதாவது மாற்றம் என்று வந்தால், அவள் வாய் திறப்பதற்கு முன் ஊர் அறிந்துவிடும். சின்ன ஊர்களில் இந்தப் பயம் வீண் பயமல்ல.

மிட்வைப்பின் கையில் தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு இருக்கிறது. ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது அவருடைய பொறுப்பு. யாருக்கு எப்போது 35 வயதாகிறது என்பது அவருக்குத் தெரியும். தன் வேலைப் பகுதியிலேயே குடியிருக்கும் மிட்வைப்புக்கு 35 ஆகும்போது அவரை அழைக்க யார் வருகிறார்? அழைக்கும் ஆளே அவர்தான். ஏற்பாடு எல்லோரையும் எண்ணும்போது எண்ணுபவரை விட்டுவிடுகிறது.

இன்னொரு தடை மனத்துக்குள் இருக்கிறது. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் முற்றிய நோயுடன் கிடந்தவர்களைப் பார்த்தவளுக்குச் சாதாரணப் பெண்ணைவிட அதிகம் தெரியும். அதிகம் தெரிந்தவளுக்கு அதிகம் பயம். “எனக்கு நோவு இல்லையே” என்று அவளும் சொல்வாள். மற்றவர்களிடம் அந்தப் பேச்சு தவறு என்று விளக்குபவளும் அவள்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பயப்படுகிற மனிதருக்குப் பட்டமும் சீருடையும் கவசமாவதில்லை.

திண்டுக்கல் சொல்லும் பாடம்

நம் முன்னோர் கப்பலேறி வந்த மதுரை, திருச்சிச் சீமைகளுக்கு நடுவில் திண்டுக்கல் மாவட்டம் இருக்கிறது. அங்கே அம்பிளிக்கை என்ற ஊரின் கிறிஸ்தவ சமூக சுகாதார நிலையத்தோடு சேர்ந்து, மருத்துவர் ரங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் 2000இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுவரையான 49,311 கிராமத்துப் பெண்களுக்குப் பரிசோதனை வாய்ப்பு தரப்பட்டது. வந்தவர்கள் 31,343 பேர்.

அவர்கள் செய்த பரிசோதனைக்கு ஆய்வுக்கூடம்கூடத் தேவையில்லை. நீர்த்த அசெற்றிக் அமிலத்தைக் கருப்பைக் கழுத்தில் தடவினால், மாறிய செல்கள் உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்துச் சொன்னவர்கள் பயிற்சி பெற்ற தாதியர். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு கணக்குப் பார்த்தபோது, இந்த வாய்ப்புக் கிடைத்த கிராமங்களில் புற்றுநோய் நூற்றுக்கு 25 குறைந்திருந்தது. அதனால் ஏற்பட்ட மரணம் நூற்றுக்கு 35 குறைந்திருந்தது. லான்செட் மருத்துவ இதழ் 2007இல் இதை வெளியிட்டது.

வயல்வேலை செய்யும் பெண்கள் தொகை தொகையாக வந்தார்கள் என்பதையும், தாதியர் கையால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதையும் கவனியுங்கள். தாதியின் திறமை மீது நம்பிக்கை வைத்த இடத்தில் மரணம் குறைந்தது. நம் தோட்டங்களிலும் அந்தக் கைகள் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் 2030ஆம் ஆண்டுக்கென்று மூன்று இலக்குகளை அறிவித்தது. 15 வயதுக்குள் பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 90 பேருக்குத் தடுப்பூசி. 35 வயதுக்குள் ஒரு தடவையும் 45க்குள் மறுதடவையும் நூற்றுக்கு 70 பெண்களுக்குத் தரமான பரிசோதனை. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 90 பேருக்குச் சிகிச்சை. நம் ஊரிலிருந்து அந்த நடு இலக்கை எட்ட நான் கேட்பவை இவை.

முதலாவது, சுகாதாரப் பெண்கள் தாம் வேலை செய்யும் கிளினிக்கில் பரிசோதித்துக்கொள்ளும் கட்டாயம் இருக்கக்கூடாது. பக்கத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் அவர்களுக்கென்று ஆண்டில் ஒரு நாள் ஒதுக்கலாம். நம் பிரிவு அவர்களுடைய ஊழியர்களைப் பார்க்கட்டும், அவர்கள் நம்மவர்களைப் பார்க்கட்டும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய பணமோ வேண்டாம். இரண்டு அதிகாரிகள் பேசி முடிவெடுத்தால் போதும்.

இரண்டாவது, ரிப்போர்ட் மூடிய உறையில், இலக்கமிட்டு, உரியவர் கைக்கே போக வேண்டும். தோட்டத்துப் பெண்ணுக்கு அது தமிழில் இருக்க வேண்டும். “மாற்றம் இருக்கிறது” என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல, மேலும் பார்க்க வேண்டும் என்பதுதான் பொருள் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவது, பரிசோதனைக்குப் போகும் நாளுக்குப் பேர் போட வேண்டும். மிட்வைப்புக்கு அது கடமை நாளாகவும், தோட்டத் தொழிலாளிக்கும் பிள்ளைக்காம்பரா அம்மாவுக்கும் சம்பள நாளாகவும் கணக்கிட வேண்டும். இங்கே தோட்ட நிர்வாகிகளும் தொழிற்சங்கத் தலைவர்களும் இருக்கிறீர்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒரு நாள், ஒரு பெண்ணுக்கு. இதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் ஒரு வரியாகச் சேர்ப்பது பெரிய சுமையா?

நான்காவது, எச்.பி.வி. வைரஸைத் தேடும் புதிய பரிசோதனை தோட்டங்களுக்கும் வர வேண்டும். 2021இலிருந்து உலக சுகாதார நிறுவனம் இதையே முதல் பரிசோதனையாகப் பரிந்துரைக்கிறது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாதில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இப்பரிசோதனை செய்த குழுவில் மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நம் நாட்டில் களுத்துறை மாவட்டத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இதற்கான மாதிரியைப் பெண் தானே, கதவைப் பூட்டிக்கொண்டு, சிறு துடைப்பானால் எடுத்துக் கொடுக்கலாம். சக ஊழியர் முன் படுக்கத் தயங்கும் தாதிக்கும், டொக்டர் ஆண் என்றால் திரும்பிவிடும் லயத்துப் பெண்ணுக்கும் இது கதவைத் திறக்கும்.

ஐந்தாவது, மாற்றம் கண்ட பெண் இரத்தினபுரிக்குப் போய்ச் சிகிச்சை பெறும்வரை ஒருவர் துணை நிற்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டுக் கைவிடுவது கண்டுபிடிக்காமல் இருப்பதைவிடக் கொடியது. இந்த அறக்கட்டளை போன்ற அமைப்புகள் பஸ் செலவுக்கும் துணைக்கும் பொறுப்பேற்கலாம். இந்த மேடையின் பெயரால் அமைப்பாளர்களிடம் அதைப் பணிவோடு கேட்கிறேன்.

ஆண்களுக்கும் ஒரு சொல். மனைவி பரிசோதனைக்குப் போகிறாள் என்றால் “உனக்கு என்ன வந்தது?” என்று கேட்காதீர்கள். அன்று அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறைவாக

தாய்மாரே, பரிசோதனை ஐந்து நிமிடம்தான். யோனியை மெல்ல விரித்துப் பிடித்து, சிறு மரத்தகட்டால் செல்களைத் தடவி எடுப்பார்கள். கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும். உடம்பைத் தளர்வாக வைத்திருந்தால் வலி மிகக் குறைவு. மாதவிடாய் இல்லாத நாளில் போங்கள். இரண்டு நாள் முன்பிருந்து உறவையும் உள்ளே வைக்கும் மருந்தையும் தவிருங்கள். 35 வயது தாண்டிவிட்டது என்பதால் ஒதுங்கிவிடாதீர்கள், கேட்டுப் பாருங்கள். உறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பின்னோ இரத்தம் கண்டால், கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுகாதாரத் துறைச் சகோதரிகளே, லயத்தில் உங்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு எந்தச் சுவரொட்டிக்கும் இல்லை. “போய்ப் பாருங்கள்” என்று நீங்கள் சொல்லும்போது, “நீங்க பாத்தீங்களாம்மா?” என்று திருப்பிக் கேட்க அந்தப் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. “நான் பார்த்துவிட்டேன், இப்படித்தான் இருந்தது” என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் அவளை மலையிலிருந்து இறக்கிக் கிளினிக்குக்குக் கொண்டுவரும். அதைவிடப் பெரிதாக, உங்கள் உயிரும் உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டிய உயிர்தான். ஊருக்கு உதவுவதற்காக மட்டும் அதைக் காக்கச் சொல்லவில்லை. அது உங்களுடையது என்பதற்காகவே காக்கச் சொல்கிறேன்.

அதிகாரிகளே, அடுத்த சுகவனிதையர் கிளினிக்குக்குப் பட்டியல் எழுதும்போது 35, 45 வயதான மிட்வைப்மார், தாதிமார், பிள்ளைக்காம்பரா அம்மாமார் பெயர்களை முதலில் எழுதுங்கள். அவர்களுக்கு வேறு கிளினிக்கில் இடமும், சம்பளத்தோடு ஒரு நாளும், மூடிய உறையில் முடிவும் கொடுங்கள். அதற்குக் கீழே லயத்துப் பெண்களின் பெயர்களை எழுதுங்கள். அவர்கள் வருவார்கள்.